போகுமில் எழுதிய ஒன்பது பழுதுகள்

போகுமில் பீட்ஷிக் பேருந்தில் ஏறினால் டிக்கெட் வைத்திருப்பவர்களும் ஒருமுறை பையைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். லிபோவோ நகரப் பேருந்துகளில் இருபத்தெட்டு ஆண்டுகளாக அவர்தான் பரிசோதகர். தயவு, தாட்சண்யம் என்ற சொற்களை அவர் கேள்விப்பட்டதே இல்லை என்பது ஊரின் அபிப்பிராயம். பாதிரியாருக்கே அபராதம் போட்டிருக்கிறார். மறுவாரம் பாதிரியார் ஈவு இரக்கம் பற்றி முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்தபோது இவர் முன்வரிசையில் உட்கார்ந்து, யாரையோ சொல்கிறார் என்பதுபோலத் தலையாட்டிக்கொண்டிருந்தார். தான் அபராதம் போட்ட பெண் ஒருத்தியைத்தான் கல்யாணமும் செய்துகொண்டார். அந்த வியெசியா வீட்டுக்கு வருகிறவர்களிடம் இன்றைக்கும் சொல்வாள், "அன்னைக்குப் போட்ட அபராதத்தை இன்னும் கட்டிக்கிட்டுதான் இருக்கேன்."

வாரத்தில் ஆறு நாள் ஊர் அவருக்குப் பயப்படும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊர் அவரை நம்பும். ஸ்பீட்வே என்னும் மோட்டார் சைக்கிள் பந்தய மைதானத்தில் இரண்டாவது வளைவுக்கு நேரே பதினோராவது வரிசையில் அவர் உட்கார்ந்திருப்பார். மடியில் அன்றைய பந்தயத்தின் அட்டவணைத் தாள், கையில் பேனா, சட்டைப் பையில் இன்னொரு பேனா. நாலு பேர், பிரேக் இல்லாத நாலு வண்டி, நாலு சுற்று, ஒரே நிமிடம். முதலில் வந்தவனுக்கு மூன்று புள்ளி, அடுத்தவனுக்கு இரண்டு, அதற்கடுத்தவனுக்கு ஒன்று, கடைசிக்கு ஒன்றுமில்லை. இப்படிப் பதினைந்து ஓட்டம். ஒவ்வொன்று முடிந்ததும் மைதானத்தில் உள்ள அத்தனை பேரும் குனிந்து கட்டத்தை நிரப்புவார்கள். நிரப்பாமல் சும்மா உட்கார்ந்து பார்க்கிறவனைப் பந்திக்கு மட்டும் வந்த கல்யாண விருந்தாளி மாதிரிப் பார்ப்பார்கள்.

சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டே கோட்டை விட்டவர்கள், "போகுமில், எட்டாவதுல என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள். அவர் தாளைச் சாய்த்துக் காட்டுவார். பத்துப் பேர் பார்த்து எழுதிக்கொள்வார்கள். மைதானத்துப் புள்ளிப் பலகையில் வேறு எண் வந்தால் பலகை தப்பு.

புள்ளி இல்லாதவனுக்கு வெறும் பூஜ்யம் போட்டால் போதாது. ஏன் பூஜ்யம் என்பதற்கு ஒரு சிறு எழுத்தும் போட வேண்டும். விழுந்தால் ஒன்று, நடுவர் வெளியேற்றினால் ஒன்று, வண்டி பழுதாகி நின்றால் ஒன்று. வெளியூர்க்காரனுக்கு எல்லாம் பூஜ்யம்தான். ரசிகனுக்கு அப்படியில்லை. விழுந்தால் ஓட்டியவன் குற்றம், வெளியேற்றினால் நடுவர் குற்றம், வண்டி நின்றால் கடவுள் குற்றம்.

அந்த ஆண்டு அக்டோபரில் லிபோவோவில் கடவுள்மேல் நிறையக் கோபம் இருந்தது. ஊரின் செல்லப்பிள்ளை ஓஸ்கர் வில்கா, வயது இருபத்தேழு, உலகப் போட்டிக்கான தகுதிச் சுற்றில் ஒரே ஒரு புள்ளியில் வெளியே நின்றுவிட்டான். முந்தைய ஆண்டு செப்டம்பரில் இதே மைதானத்தில் தோள்பட்டை எலும்பு முறிந்து, குளிர்காலம் முழுக்கக் கட்டுப் போட்டுக் கிடந்து எழுந்து வந்தவன். இனி ஒரே வழிதான். உலகப் போட்டியின் இடங்களில் பெரும்பாலானவற்றை ஓட்டித்தான் சம்பாதிக்க வேண்டும். கடைசியில் மிஞ்சும் சிலவற்றை மட்டும் போட்டி நடத்தும் குழு கூடித் தன் இஷ்டப்படி கொடுக்கும். அந்த வைல்டு கார்டு ஒன்று ஓஸ்கருக்கு வருமா, இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தூரோவா ஊர்ப் பையன் திமோனுக்குப் போகுமா என்பதுதான் பேச்சு. பக்கத்து ஊரைவிடப் பெரிய எதிரி உலகத்தில் யாருக்கும் இல்லை.

பேச்சு சூடாக நடக்கும் இடம் மிரோஸ்லாவாவின் ரொட்டிக்கடை. அவள்தான் ரசிகர் மன்றத் தலைவி. காலையில் ரொட்டி வாங்க வந்தவர்கள் அது ஆறிப்போகும்வரை அங்கேயே நிற்பார்கள்.

"திமோனுக்கா? அவன் ஸ்டார்ட் எடுக்கறதுக்குள்ள நான் ஒரு அடுப்பு ரொட்டி சுட்டு இறக்கிருவேன்" என்றாள் மிரோஸ்லாவா.

"அவன் டிவியில அழகா சிரிக்கிறான். அதுக்கே குடுத்துருவாங்க பாரு."

"ரெண்டு பேருக்கும் கிடையாதுய்யா. யாராவது நாப்பது வயசுக்காரனுக்குக் குடுப்பான். பேர் பெத்தவனாம்."

"குடுக்கறதுக்கு அது என்ன பென்ஷனா?"

"சும்மா வாய் கிழியப் பேசி என்ன புண்ணியம்? எழுதணும். ஆதாரத்தோட குழுவுக்கு எழுதி அனுப்பணும்" என்று மிரோஸ்லாவா மாவுக்கையைத் துடைத்தாள். "ஓஸ்கருக்கு இந்த வருஷம் எத்தனை தடவை வண்டி நின்னுச்சு?"

கடையே போகுமிலைத் திரும்பிப் பார்த்தது. அவர் ரொட்டிப் பையைக் கீழே வைக்காமலே சொன்னார். "ஒன்பது. அதுல ரெண்டு தகுதிச் சுற்றுல."

"கேட்டீங்களா? ஒன்பது! அதுல ஒண்ணு ஓடியிருந்தாக்கூட இன்னைக்கு நம்ம பையன் உள்ள இருப்பான். போகுமில் சார், உங்க தாள் எல்லாத்தையும் நகல் எடுத்துக் கடிதத்தோட வைக்கிறோம். சனிக்கிழமை தீயணைப்பு நிலைய மண்டபத்துல கூட்டம். சாட்சின்னு நீங்க கையெழுத்துப் போடறீங்க."

போகுமில் காது மடல்வரை சிவந்துவிட்டார். இருபத்தெட்டு ஆண்டு எழுதிய பேனா முதல்முறையாக நாடு தாண்டிப் போகப்போகிறது. அன்று மட்டும் நாலு பேருந்தில் ஏறி ஒருவருக்கும் அபராதம் போடாமல் இறங்கினார். எல்லாரிடமும் டிக்கெட் இருந்தது என்பது வேறு விஷயம்.

இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது. அன்றைக்குத் தூரோவாவில் சம்பந்தி வீட்டு விருந்து.

ஆம், போகுமிலின் ஒரே மகள் அல்டோனா வாழ்க்கைப்பட்டது தூரோவாவில்தான். பெண் கொடுத்த இடம், வாயைத் திறக்க முடியாது. திறக்காமலும் இருக்க முடியாது. சம்பந்தி கெனியு தரைக்கு ஓடு பதிக்கிறவர், பெரிய தொப்பை, பெரிய சிரிப்பு, அவரும் அட்டவணை எழுதுகிறவர். மைதானத்தில் எழுதுவது போதாதென்று டிவியில் வரும் பந்தயங்களுக்கும் கட்டம் போட்டு எழுதிவைப்பார். கல்யாணத்தன்றே வியெசியாவும் அல்டோனாவும் ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். சூப் முடியும்வரை ஸ்பீட்வே பேசக்கூடாது. அதனால் அந்த வீட்டில் கோழி சூப்பும் நூடுல்ஸும் காணாமல் போகும் வேகம் பந்தய வேகம்தான்.

கெனியு கரண்டியைக் கீழே வைத்தார். "சம்பந்தி, உங்க ஓஸ்கரு நல்ல பையன்தான். உலகப் போட்டியில வாசல்ல டிக்கெட் பாக்க ஆள் வேணும்னா சொல்லச் சொல்றேன். உங்க ஊர்ல அதுக்கு நல்ல பயிற்சி இருக்கே."

"உங்க திமோனைக் கட்டாயம் கூப்பிடுவாங்க, சம்பந்தி" என்றார் போகுமில். "முன்னாடி போற மூணு பேரும் யாருன்னு பின்னாலேர்ந்து பாத்துச் சொல்ல ஒரு ஆள் வேணுமில்ல."

"அப்பா, கட்லெட் ஆறுது" என்றாள் அல்டோனா.

போகுமில் கட்லெட்டைத் தொடவில்லை. துருப்புச் சீட்டை இறக்கினார். "ஒன்பது தடவை வண்டி நின்னுருக்கு. ஒன்பது! நின்ன வண்டியில யாரு ஜெயிப்பான்?"

"ஒன்பதா? நாலுதானே?"

"ஒன்பது."

"நெட்ல போட்டிருக்கானே, நாலுன்னு."

"நெட்ல எழுதறவன் மைதானத்துக்கு வந்தானா?"

கெனியு எழுந்து உள்ளே போய் ஒரு செருப்புப் பெட்டியோடு வந்தார். போகுமிலும் சும்மா வரவில்லை. நகல் எடுப்பதற்கென்று கட்டிவைத்த தாள்கள் அவர் பையிலேயே இருந்தன. பீட்ரூட் தட்டு ஒரு பக்கமும் உருளைக்கிழங்கு இன்னொரு பக்கமும் ஒதுக்கப்பட்டன.

"மே மாசம், ஏழாவது ஓட்டம்" என்று கெனியு படித்தார். "விழுந்தான்."

"வண்டி நின்னுச்சு."

"நின்ன வண்டி எப்படி சம்பந்தி வேலியில போய் முட்டும்?"

போகுமில் அந்தத் தாளை அடியில் செருகி அடுத்ததை எடுத்தார்.

"ஜூன், பதினொண்ணாவது. கடைசியா வந்தான். வெறும் பூஜ்யம்."

"வண்டி இழுக்கல. குனிஞ்சு இன்ஜினைப் பாத்துக்கிட்டே வந்தானே!"

"தோத்தவன் எல்லாரும் குனிஞ்சு இன்ஜினைத்தான் பாப்பான். நம்ம மூஞ்சியவா பாப்பான்?"

இப்படியே ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஒன்பதில் நாலு உண்மையாகவே பழுது. சங்கிலி அறுந்ததும் புகை வந்ததும் கெனியுவின் தாளிலும் இருந்தன. மீதி ஐந்தில் இரண்டு முறை ஓஸ்கர் விழுந்திருந்தான், மூன்று முறை கடைசியாக வந்திருந்தான். ஐந்திலும் பழுது என்று எழுதியிருந்த கையெழுத்து யாருடையது என்பதில் சந்தேகமில்லை. லிபோவோவிலேயே அவ்வளவு நேரான கையெழுத்து வேறு யாருக்கும் கிடையாது.

தோற்ற கோபத்தில் போகுமில் செருப்புப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். "திமோனைப் பாப்போம். எங்க மைதானத்துல ஓடினதுலயே ஆறு பழுதுன்னு எழுதியிருக்கீங்க. என் தாள்ல ஒண்ணுதான்." அதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஒன்றுதான். கெனியுவின் சிரிப்பு தொப்பைக்குள் இறங்கிவிட்டது.

பெண்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது. "காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு" என்றாள் வியெசியா. "ஊரான் வீட்டுப் பிள்ளைன்னா ரெண்டு பேருக்கும் கண்ணு எவ்வளவு நல்லாத் தெரியுது பாருங்க!"

கெனியுவும் கடைசியில் சிரித்துவிட்டு ஒரு கட்லெட்டை எடுத்துக்கொண்டார். போகுமிலால் முடியவில்லை. திரும்பி வரும் பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். பொய் எழுத வேண்டுமென்று நினைத்து அவர் எழுதவில்லை. ஒவ்வொரு முறையும் எழுதும்போது அது உண்மையாகத்தான் இருந்தது. அதுதான் அவரை உலுக்கியது. வேண்டுமென்றே சொன்ன பொய்யாக இருந்தால் திருத்திக்கொள்ளலாம். கண்ணே பொய் பார்த்திருந்தால் என்ன செய்வது? வெட்கத்தில் அவருக்கு உடம்பு எரிந்தது.

செவ்வாய்க்கிழமை ஏழாம் நம்பர் பேருந்தில் ஒரு கல்லூரிப் பெண் ஏறியதும் பயணியே மெஷினில் முத்திரை குத்த வேண்டிய டிக்கெட்டைக் குத்தாமல் நீட்டி, "மெஷின் வேலை செய்யல சார்" என்றாள். இருபத்தெட்டு ஆண்டில் பத்தாயிரம் தடவை கேட்ட வசனம். அதற்கு அவரிடம் எப்போதும் தயாராக ஒரு பதில் உண்டு. "மெஷினுக்கு வாய் இல்லைம்மா, இருந்தா உன்னைப் பத்திச் சொல்லும்." அன்றைக்கு அதைச் சொல்வதற்குப் பதில் அவரே போய் மெஷினில் டிக்கெட்டைச் செருகிப் பார்த்தார். டக்கென்று குத்தியது. அபராதச் சீட்டு எழுதினார். அதை நீட்டாமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண் பயந்துபோய் அவருக்கே தண்ணீர் கொடுத்தாள்.

"சனிக்கிழமை போகாதீங்க" என்றாள் வியெசியா. "ஜுரம்னு படுத்துக்குங்க."

"ஜுரம் இல்லையே."

"அதையும் ஒரு பழுதுன்னு எழுதிக்குங்களேன்."

இப்படிச் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவருடைய நல்ல சட்டையை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். அவள் கேலி செய்யாமல் இருந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம். கையெழுத்துப் போட்டால் அவர் இனி எந்த மெஷினைக் காட்டி யாரைக் கேட்க முடியும்? போடாவிட்டால் ஓஸ்கரின் கார்டைக் கெடுத்தவன் என்று ஊர் காலம் முழுக்கச் சொல்லும். ஊரில் இருக்க முடியாது. பதினோராவது வரிசையில் நிச்சயம் இருக்க முடியாது.

சனிக்கிழமை மத்தியானம் தீயணைப்பு நிலைய மண்டபத்தில் நூறு பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். வெளியே சுட்ட தொத்திறைச்சி, கடுகுச் சாஸ். உள்ளே கழுத்தில் ஊர்த் துண்டு கட்டிய கூட்டம். ஓஸ்கரும் வந்திருந்தான். மன்றத்துக்கு நன்றி சொல்லிவிட்டுப் போகலாமென்று வந்தவன், தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு வாசலோரம் நின்றான். மேடைக்குக் கூப்பிட்டும் வரவில்லை.

மிரோஸ்லாவா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தைப் படித்தாள். "…திறமையில் குறைவில்லாத எங்கள் வீரரை இந்த ஆண்டு ஒன்பது முறை இயந்திரம் கைவிட்டது…" என்ற இடத்தில் கைதட்டலில் ஜன்னல் அதிர்ந்தது. "இதற்குச் சாட்சி, எங்கள் ஊரில் யாருக்கும் எப்போதும் சலுகை காட்டாத மனிதர்…" என்றதும் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் அபராதம் கட்டியவர்கள்.

போகுமில் மேடைக்குப் போனார். பேனாவை வாங்கவில்லை.

"ஒன்பது இல்லை, நாலு" என்றார்.

"என்னது?"

"நாலுதான் பழுது. அஞ்சு நான் எழுதினது. ரெண்டு தடவை விழுந்தாப்ல, மூணு தடவை கடைசியா வந்தாப்ல. நான் தப்பா எழுதிட்டேன். இதுல கையெழுத்துப் போட என்னால முடியாது."

மண்டபம் வெடித்தது.

"சம்பந்தி வீட்டு விருந்து பலமோ?"

"தூரோவாக்காரன் வாயில கட்லெட்டை வச்சு அடைச்சுட்டான்யா!"

"போகுமில் சார், எங்களுக்கெல்லாம் அபராதம் போட்டீங்க, சரி. எங்க பையனுக்குமா?"

அவரைப் பொய்யராக்கிவிட வேண்டுமென்று ஒருவர் தன் தாள்கட்டைப் பையிலிருந்து உருவினார். "நான் காட்டறேன் பாருங்க. என்கிட்ட பதினொண்ணு இருக்கு!" பின்னாலிருந்து ஒரு பெண், "எனக்குப் பதிமூணு வருது!" என்றாள். இன்னொருவருக்குப் பத்து. மே மாத ஏழாவது ஓட்டத்தில் ஒருவர் பழுது என்று எழுதியிருந்தார், ஒருவர் நடுவர்மேல் போட்டிருந்தார், ஒருவர் எதிராளி இடித்தான் என்று போட்டிருந்தார். ஓஸ்கர் விழுந்தான் என்று மட்டும் ஒருவர் தாளிலும் இல்லை. முதலில் ஒருவர் சிரித்தார், அப்புறம் மண்டபமே சிரித்தது.

"போகுமில், இருக்கறதுலேயே கஞ்சன் நீதான்யா! ஒன்பதோட நிறுத்திட்டே!"

"அப்ப பதிமூணுன்னே போட்டுடலாமா?" என்று மிரோஸ்லாவா கேட்டதும் சிரிப்பு இன்னும் உயர்ந்தது. போகுமிலுக்கும் மூச்சு வந்தது. தப்பித்தோம் என்றே நினைத்தார்.

"அந்த அஞ்சு எது?" என்ற குரல் வாசலிலிருந்து வந்தது.

ஓஸ்கர் கத்தவில்லை, ஆனால் எல்லாருக்கும் கேட்டது. சிரிப்பு நின்றது. அவன் உள்ளே நடந்து வந்தான்.

"படிங்க சார். எந்த அஞ்சு?"

போகுமில் தாளை எடுத்துப் படித்தார். "மே, ஏழாவது ஓட்டம், ரெண்டாவது வளைவுல விழுந்தது. ஜூன், பதினொண்ணாவது. ரெண்டாவது வளைவுல பின்தங்கி…" மூன்றாவதைப் படிக்கும்போது அவர் குரல் தடுமாறியது. அதுவும் இரண்டாவது வளைவு. நாலாவதும் ஐந்தாவதும் அங்கேதான். அவர் இத்தனை நாள் எண்ணிக்கையைத்தான் பார்த்திருந்தார், இடத்தைப் பார்க்கவில்லை.

"முதல் தடவை நான் வெக்கப்பட்டுக்கிட்டுதான் குனிஞ்சு இன்ஜினைப் பாத்தேன்" என்றான் ஓஸ்கர். "நீங்க அத்தனை பேரும் எழுந்து நின்னு 'இன்ஜின், இன்ஜின்'னு கத்துனீங்க. எனக்கும் சௌகரியமா இருந்துச்சு. அஞ்சாவது தடவை நானே நம்பிட்டேன். இந்த வருஷம் நாலு இன்ஜின் மாத்தினேன். மெக்கானிக்கைக்கூட மாத்திட்டேன், பாவம் அந்த மனுஷன்." அவன் போகுமிலின் பக்கம் திரும்பினான். "நீங்க உக்கார்ற இடம் அந்த வளைவுக்கு நேரா. நான் அங்க என்ன தப்பு பண்றேன்?"

"தம்பி, அதெல்லாம் இப்ப எதுக்கு…" என்று மிரோஸ்லாவா குறுக்கிட்டாள்.

"சொல்லுங்க சார்."

போகுமில் அவனைப் பார்த்தார். தோள் முறிந்து அவன் அந்த வளைவில் கிடந்தபோது வேலிக்கு இந்தப் பக்கம் முதலில் எழுந்து நின்றவர் அவர். அன்றைக்குப் பேனா எங்கே விழுந்தது என்றுகூட அவருக்குத் தெரியாது. அன்று அந்த ஓட்டத்தின் கட்டத்தை அவர் நிரப்பவே இல்லை.

"வளைவுக்குள்ள போறதுக்கு முன்னாடியே ஆக்ஸிலேட்டரை முறுக்கறதை விட்டுடறே, தம்பி. மத்த இடத்துல விடறதில்ல. அங்க மட்டும்." அவர் தாளைக் கவிழ்த்து வைத்தார். "பயப்படறே."

நூறு பேரும் தரையைப் பார்த்தார்கள். எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஏப்ரலிலிருந்தே தெரிந்திருந்தது. அதை எழுத மனம் வராமல்தான் ஆளாளுக்கு ஒரு பழுது எழுதியிருந்தார்கள்.

"ஆமா, பயமாத்தான் இருக்கு" என்றான் ஓஸ்கர்.

ஒரு வருஷத்தில் அவன் அந்த வார்த்தையை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லி முடித்ததும் பெரிய சுமையை இறக்கிவைத்தவன் போல மேடை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டான். மிரோஸ்லாவா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கடிதத்தை நாலாக மடித்து ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டு, யாரையோ அதட்டித் தொத்திறைச்சித் தட்டு ஒன்றைக் கொண்டுவரச் சொன்னாள். கார்டைப் பற்றி அதற்குமேல் ஒருவரும் பேசவில்லை.

"மே மாசமே சொல்லியிருந்தா நாலு இன்ஜின் மிச்சம்" என்றான் ஓஸ்கர், வாயில் தொத்திறைச்சியோடு. முதலில் யாருக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை. அவன் சிரித்த பிறகுதான் சிரித்தார்கள்.

"உக்காருங்க சார். என்னைப் பத்தி மட்டும் எல்லா ஓட்டத்தையும் படிங்க. எழுதியிருக்கறதை இல்ல, நீங்க பாத்ததை."

போகுமில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து தாள்கட்டைப் பிரித்தார். ஏப்ரல் மாத முதல் பந்தயத்தை எடுத்து, எழுத்தின்மேல் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டு, கண்ணை மூடி ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.